இருபதில் ஒன்று

அக்காவின் தையல் மெஷின் இழுப்பறையில் அந்தப் பல் இருந்தது. பாபின் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு காகிதத்துக்குள். பல் என்று சொன்னால்கூட யாரும் நம்பமாட்டார்கள். அரிசி நொய் அளவுதான் இருக்கும். மேலே மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு. கீழே வேர் கிடையாது, உள்பக்கம் குடைந்தாற்போல் ஒரு பள்ளம். வேறு யாராவது இழுப்பறையைத் துடைத்திருந்தால் உடைந்த பொத்தானின் சில்லு என்று குப்பையில் கொட்டியிருப்பார்கள். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கீழ்த்தாடையின் நடுவில் வரும் பால் பல். அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா போய் இருபது நாள் ஆகிறது. காரியம் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த மறுநாள், மாமா மெஷினைத் தன் ஆட்டோவில் ஏற்றிச் சந்தாபுராவிலிருந்து காக்ஸ் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார். அக்காவின் வீட்டுக்காரர் அவர். அதிகம் பேசுகிறவர் இல்லை. "எனக்கு எதுக்குடா இது. உன் பொண்ணு கத்துக்கட்டும்" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் எண்ணெய் போட்டுத் துடைக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் இழுப்பறையைத் திறந்தேன்.

நான் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். பல் பிடுங்கும் வேலை இல்லை. சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மாணவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி செய்து கொடுப்பேன். இதில் நான் அதிகம் செய்ததும் அதிகம் பார்த்ததும் பல் உருவாகும் விதத்தைக் காட்டும் ஸ்லைடுகளைத்தான். தாய் வயிற்றில் ஆறாவது வாரம், கரு ஒரு மொச்சைக்கொட்டை அளவு இருக்கும்போதே, வாய்க்குள்ளிருக்கும் மெல்லிய தோல் ஒரு வரிசையாகத் தடிக்கத் தொடங்கும். புடவை ஓரத்தை மடித்துத் தைத்தாற்போல் இருக்கும் அது. அந்த மடிப்பிலிருந்து கீழே பத்து, மேலே பத்து என்று மொட்டுகள் உள்ளே இறங்கும். மொட்டு குழிந்து தொப்பியாகும், தொப்பி வளர்ந்து மணியாகும். கோயில் மணியேதான், வரைந்து வைத்தாற்போல் இருக்கும். நாலாம் மாதத்தில் மணிக்குள் பல் கெட்டிப்படத் தொடங்கிவிடும். எனாமலைச் செய்த செல்கள் வேலை முடிந்ததும் அழிந்துபோகும். அதனால்தான் போன எனாமல் யாருக்கும் திரும்ப வருவதில்லை. பொக்கை வாய் என்று நாம் கொஞ்சுகிற குழந்தையின் ஈறுக்குள் இருபது பல்லும் அதற்குமுன்பே வந்து உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது எங்கள் துறைத்தலைவர் மேடம். அவர் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் நடத்துவார், நான் பின்வரிசையில் ஸ்லைடு தட்டோடு நின்றபடி கேட்பேன். நான் தங்கவயலில் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். புரிந்ததை வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு நீட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன், பக்கத்தில் பென்சிலால் படமும் போடுவேன். அப்போது எல்லோரும் ஒன்றாக இருந்த ஒக்கலிபுரம் வீட்டில் என் கட்டிலுக்கடியில் அந்த நோட்டு கிடக்கும். அக்கா பெருக்கும்போது எடுத்துப் புரட்டுவாள். "ஏண்டா, ஊரான் பல்லையெல்லாம் படம் போடறியே, உன் பல்லு ரயில்வே கேட்டு மாதிரி தொறந்து கெடக்குதே, அதை இன்னான்னு கேளு உங்க மேடத்தை" என்பாள். எனக்கு முன்பல் இடைவெளி. அக்கா அதை ஒருநாளும் விட்டுவைத்ததில்லை.

என்னைவிட ஆறு வயது மூத்தவள். அப்பா சுரங்கத்துத் தூசியை நெஞ்சில் வாங்கிப் படுத்துவிட்ட பிறகு, அவர் போன பிறகு, அம்மாவையும் என்னையும் தங்கவயலிலிருந்து ஒக்கலிபுரத்துக்குக் கூட்டிவந்து வைத்ததும் அவள்தான். அவள் ஜாக்கெட் தைத்தாள், நான் படித்தேன். இவ்வளவு சூட்டிகையான பெண்ணுக்கு ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். அவளுக்குக் குழந்தையில் மேல்பல் முதலில் முளைத்ததாம். மேல்பல் முதலில் வந்தாலும், பல்லோடு பிறந்தாலும் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அவள் பல் முளைத்த அதே வருடம் அம்மாவின் தம்பி சுரங்கத்துக்குள் போனவர் உயிரோடு மேலே வரவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தால் "மாமனை முழுங்கினவதானே நீ" என்று சொல்லிவிடுவாள். மறுநிமிடம் தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். அக்கா எழுந்துபோய் மெஷினை மிதிப்பாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன பிரசவ மருத்துவமனை இருந்தது, இப்போது அந்தக் கட்டடமே இல்லை. நான் அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் பைக்கில் லாரி உரசி விழுந்து, தலையில் பதினொரு தையல் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்து எழுந்திருந்தேன். குழந்தையைப் பார்க்கப் போனபோது அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அம்மா குழந்தையின் கீழுதட்டை விரலால் இறக்கிக் காட்டினாள். ஈறின் நடுவில் வெள்ளையாக ஒரு பல். அம்மாவின் பார்வை பல்லிலிருந்து நேராக என் தலைக்கட்டுக்கு வந்தது. குழந்தை டாக்டர் வந்து விரலால் அசைத்துப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது, விட்டுவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "நீ பல்லு காலேஜ்ல இருக்கறவன். சொல்லு. இதை எடுத்தா கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன், ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியும். போன பருவத்தில்தான் மேடம் அதை வகுப்பில் சொல்லியிருந்தார். பிறக்கும்போதே தெரிகிற பல் உபரிப் பல் இல்லை, பெரும்பாலும் அந்த இருபதில் ஒன்றுதான், அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டது; பிறந்த பத்து நாளுக்குள் பிடுங்கினால் சில குழந்தைகளுக்கு ரத்தம் உறையாமல் போய்விடும், ஜாக்கிரதை என்றார். அதைத் தமிழில் எழுதி அடியில் கோடும் போட்டு வைத்திருந்தேன். கட்டிலுக்கடியில், அக்கா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் அந்த நோட்டு இருந்தது.

ஆனால் தலையில் தையல் போட்ட இடம் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. லாரிச் சக்கரம் என் காதோரம் போன சத்தம் இன்னும் போகவில்லை. மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை நான் நம்பவில்லை என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்தவன்தான். அன்று சாயங்காலம் நம்பினேன். எடுத்துவிட்டால் நல்லது என்று எனக்குள் ஒருவன் நினைத்தான். அவனைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. "உங்க இஷ்டம்கா" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தாள். "எனக்கு இருக்கறது ஒரே தம்பி. இவளை நாளைக்கு யாரும் என்னைச் சொன்ன மாதிரி சொல்லக் கூடாது" என்றாள்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "எடுத்துட்டேன்டா. நம்ம தையல் நூலுதான். கட்டி ஒரு சொடுக்கு, அவ்ளோதான். கொஞ்சம் அழுதா, பால் குடுத்ததும் தூங்கிட்டா. இனி உனக்கு ஒண்ணும் வராது." எவ்வளவோ நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்தவள் மாதிரி அவள் முகம் தெளிந்திருந்தது. அம்மா எனக்குத் திருநீறு பூசினாள். குழந்தையின் வாயோரம் லேசாகச் சிவப்பாக இருந்தது. பார்த்தேன். பிடுங்கினால் கொஞ்சம் வரத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அது நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக வந்ததைக் குழந்தை பாலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டே இருந்ததால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. விடியும்போது அவள் வெள்ளை மெழுகு மாதிரி வெளுத்திருந்தாள். மாமா ஆட்டோவை ஓட்டினார், அக்கா பின்னால் குழந்தையைப் புடவைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, பிறந்தவுடன் ரத்தம் உறைவதற்கான ஊசி போட்டார்களா என்று. எங்களுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த சீட்டிலும் எழுதவில்லை. முயற்சி செய்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆறாம் நாள் மதியம் பாப்பா போய்விட்டாள். பெயர் வைப்பதற்கு முன்னால் போனதால் அவள் எங்களுக்குப் பாப்பாதான்.

இடுகாட்டில் இன்னொன்று நடந்தது. எங்களில் பெரியவர்களை எரிப்போம், பல் முளைக்காத குழந்தையென்றால் புதைப்போம். வெட்டியான் மாமாவின் கையிலிருந்த துணிப் பொட்டலத்தைப் பார்த்து, கன்னடமும் தமிழுமாக வழக்கமான கேள்வியைக் கேட்டார். "ஹல்லு வந்துச்சா சாமி, பல்லு?" மாமா என்னைப் பார்த்தார். என்ன சொல்வது? ஒன்று வந்தது, அதை நாங்களே பிடுங்கிவிட்டோம். மீதிப் பத்தொன்பதும் உள்ளே இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த அளவுக்குக் கெட்டிப்பட்டிருக்கும் என்றுகூட என்னால் சொல்ல முடியும். "இல்ல" என்றேன். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேற்கு ஓரத்துக்கு நடந்தார்.

அதன்பிறகு அக்காவுக்குக் குழந்தை தங்கவில்லை. ஒரு வார்த்தை அவள் என்னைச் சொன்னதில்லை. தன்னைத்தான் சொல்லிக்கொள்வாள், "என் கைதான், என் நூலுதான்" என்று, அதுவும் எப்போதாவது. எனக்குப் பெண் பார்த்ததும் அவள்தான், தாலிக்கயிற்றில் மூன்றாம் முடிச்சுப் போட்டதும் அவள்தான். என் மகளுக்கு முதல் பால் பல் விழுந்தபோது அத்தைதான் வரவேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அக்கா சந்தாபுராவிலிருந்து பஸ் ஏறி வந்து, எங்கேயோ தேடிக் கொஞ்சம் சாணி வாங்கி, பல்லை அதில் பொதிந்து எங்கள் தகரக் கூரைமேல் எறிந்தாள். எறிந்த பிறகும் வெகுநேரம் கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்காதவன்போல உள்ளே போய்விட்டேன்.

அதற்கு மூன்று வருடம் முன்னால் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. எங்கள் கல்லூரிக்கே வரச்சொன்னேன். சிகிச்சை முடிந்ததும் லேபுக்குக் கூட்டிப்போனேன். இவ்வளவு வருடத்தில் அவள் நான் வேலை செய்யும் இடத்தைப் பார்த்ததே இல்லை. மைக்ராஸ்கோப்பில் ஏற்கெனவே ஒரு ஸ்லைடு இருந்தது. அதை எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கலாம். எனக்கு அது தோன்றுவதற்குள் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒற்றைக்கண்ணை மூடிக் குனிந்துவிட்டாள். இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒரு கருவின் முகத்தின் குறுக்குவெட்டு அது. அண்ணத்தின் இரண்டு பாதிகளும் முதலில் நாக்கின் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருக்கும்; நாக்கு கீழே இறங்கி வழிவிட்டதும் நிமிர்ந்து நடுவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியும். அக்காவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"இங்க தையல் போட்டிருக்குதே" என்றாள். பிறகு, "இந்த மணி மாதிரி இருக்கறது இன்னாடா?"

"பல்லுக்கா. பல்லு வர்றதுக்கு முன்னாடி."

"இது யாரோட கொழந்த?"

"தெரியாதுக்கா. நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கற ஸ்லைடு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப பாப்பாவுக்கும் எல்லாம் உள்ள இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"நான் எடுத்தது?"

"அதுல ஒண்ணுக்கா."

அப்போதுதான் நிமிர்ந்தாள். ஒரு கண் மைக்ராஸ்கோப்பில் அழுந்திச் சிவந்திருந்தது. "உனக்கு இதெல்லாம் அப்பவே தெரியுமாடா?"

"இல்லக்கா. அப்புறமாத்தான் படிச்சேன்."

அக்கா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். கோபம் இல்லை, சந்தேகம்கூட இல்லை என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. "அதானே. தெரிஞ்சிருந்தா நீ சொல்லியிருப்பே" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா, பசிக்குது, எங்கனா தோசை வாங்கிக் குடு. ஒரு பக்கமாத்தான் மெல்லணும்னாங்க" என்றாள். நான் தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

இனி அந்தக் காகிதம். பாபின் டப்பாவுக்கடியிலிருந்து எடுத்ததும் மடிப்பைப் பிரித்தேன், பல் என் கையில் விழுந்தது. காகிதத்தை முழுசாக விரித்தபோது அதில் இருந்தது என் கையெழுத்து. நீட்டு நோட்டின் பக்கம். தையல் போட்ட ஓரத்தில் கிழிசல் தெரியாமல் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தது, துணி வெட்டுகிறவள் வெட்டின நேர்த்தி. பக்கத்தில் மணிக்குள் பல் இருக்கும் என் பென்சில் படம். கீழே நான்கு வரி, அடியில் நானே போட்ட கோடு. பாப்பா போனபிறகு அந்த நோட்டை நான் தொட்டதில்லை. ஒக்கலிபுரம் வீட்டைக் காலி செய்தபோது பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டோம். அக்கா லேபுக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஆகவே என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளிடம் பதில் ஏற்கெனவே இருந்தது. வீட்டில், இழுப்பறையில், பாப்பாவின் பல்லைச் சுற்றிக்கொண்டு.

காகிதத்தைப் பிரித்ததிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஒருதரம் அழுதிருப்போம். நான் பொய் சொன்னேன், அவள் அந்தப் பொய்யைச் சந்தோஷமாக நம்புகிறவள் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு தோசை கேட்டாள். பத்து வருடம் எனக்காக அதை நம்பினாள். அக்கா, நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். உன் கையால் வாங்க எனக்கு அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பால் பல்லின் எனாமலில் ஒரு கோடு உண்டு. பிறந்தபோது உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சி அங்கே பதிவாகும். அதற்கு உள்பக்கம் இருப்பது வயிற்றுக்குள் வளர்ந்தது, வெளிப்பக்கம் இருப்பது பிறந்தபின் வளர்ந்தது. பல்லைக் கல்லில் தேய்த்துக் கண்ணாடித் தகடுபோல் ஆக்கினால் அந்தக் கோட்டைப் பார்க்கலாம், ஆயிரம் முறை செய்திருக்கிறேன். இந்தப் பல் நாலாம் நாளே வெளியே வந்துவிட்டது. கோடு இதில் தெரிய வாய்ப்பில்லை, வெளிப்பக்கம் வளர நாங்கள் விடவில்லை. தேய்த்தால் பல்லும் மிஞ்சாது. மெஷின் பலகைமேல் அதை வைத்துவிட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பதின்மூன்று வயது. ஷூவைக் கழற்றாமலே மெஷினைச் சுற்றி வந்து, பலகைமேல் இருந்ததைப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"பல்லும்மா. உன் அத்தைக்கு ஒரு பாப்பா இருந்தா. அவளோடது."

அவள் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவளுக்குப் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

"உங்க ஹேண்ட்ரைட்டிங்தானே இது. என்ன எழுதியிருக்கீங்க?"

ஒன்றுமில்லை, பழைய நோட்டு என்று வாய்வரை வந்துவிட்டது. அவள் காகிதத்தை என்னிடமே நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிக்கொண்டேன். அக்காவின் மடியில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்த அன்று வாசித்திருக்க வேண்டிய நான்கு வரிகளையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"பிறக்கும்போதே தெரியும் பல் உபரிப் பல் அல்ல. பெரும்பாலும் இருபதில் ஒன்றுதான், முன்னால் வந்துவிட்டது. ஆடாமல் இருந்தால் தொடக்கூடாது. முதல் பத்து நாளுக்குள் எடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம்."

"இது எப்பப்பா எழுதினது?" என்று மகள் கேட்டாள்.

"பாப்பா பிறக்கறதுக்கு முன்னாடி" என்றேன்.